பழைய வெம்பிளியின் வரலாறும், ஓடுதளத்துக்குள் கால்பந்துத் திடல் போடும் கணக்கும்

கேள்வியின் சுருக்கம் இது. சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கு ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக இடம் இருக்கிறது. 400 மீட்டர் ஓடுதளம், நடுவில் முழு அளவு கால்பந்துத் திடல், சுற்றிலும் கேலரி என்று ஒரு வரைபடம் தயாராகிவிட்டது. ஆண்டு விழா, கண்காட்சி எல்லாவற்றையும் அங்கேயே நடத்தலாம் என்றும் பேச்சு. வரைபடம் கொடுத்தவர், "லண்டனில் பழைய வெம்பிளி மைதானமே இப்படித்தான் இருந்தது, முக்கால் நூற்றாண்டு ஓடியது" என்கிறார். அது உண்மையா, உண்மையானால் ஏன் இடித்தார்கள், அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். முக்கால் நூற்றாண்டு ஓடியதற்கும் கடைசியில் இடிபட்டதற்கும் காரணம் ஒன்றேதான்: அது கால்பந்துக்காக மட்டும் கட்டப்பட்ட மைதானம் அல்ல. எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே கிண்ணம். அதனால் பணம் வந்துகொண்டே இருந்தது. அதனாலேயே கால்பந்து பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் எப்போதும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே இருந்தது. வரலாற்றைச் சொல்லிவிட்டு உங்கள் இடத்துக்கு வருகிறேன்.

வெம்பிளி பார்க்கில் முதலில் வந்தது மைதானம் அல்ல, ஒரு கோபுரம். ரயில்வே முதலாளி எட்வர்டு வாட்கின் பாரிஸின் ஈஃபில் கோபுரத்தை மிஞ்ச வேண்டும் என்று 1890களில் ஒன்றைத் தொடங்கினார். முதல் அடுக்கு எழுந்தது, சுமார் 47 மீட்டர். அதற்குமேல் நகரவில்லை. 1907க்குள் அதை இடித்து அகற்றிவிட்டார்கள். அந்த மேட்டை வெட்டிச் சமப்படுத்தித்தான் மைதானம் வந்தது. நூறு ஆண்டு கழித்து, புதிய மைதானத்துக்குத் தோண்டியபோது அந்தக் கோபுரத்தின் அடித்தளக் கான்கிரீட் மண்ணுக்குள் அப்படியே இருந்தது.

1924, 1925 ஆண்டுகளில் அங்கே பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சி நடந்தது. மைதானம் அதன் ஒரு பகுதி. நம்மூரில் பொருட்காட்சி முடிந்ததும் அரங்குகளைப் பிரித்து எடுத்துப் போவது போல, கண்காட்சி முடிந்ததும் மைதானத்தையும் இடித்துவிடுவதாகத்தான் முதலில் திட்டம். கட்டடக் கலைஞர்கள் ஜான் சிம்ப்சன், மேக்ஸ்வெல் ஏர்ட்டன். பொறியாளர் ஓவன் வில்லியம்ஸ். கட்டியது ராபர்ட் மெக்கால்பைன் நிறுவனம். 300 நாளில், 7,50,000 பவுண்டு செலவில் முடித்தார்கள். கம்பி கட்டிய கான்கிரீட்டை அந்த அளவில் பயன்படுத்துவது அப்போது புதிது. அதனால் திறப்பதற்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களைப் படிகளில் ஏற்றி, ஒரே நேரத்தில் எழுந்து உட்காரச் செய்து, காலால் மிதிக்கச் சொல்லி, கட்டடம் தாங்குகிறதா என்று சோதித்தார்கள். வடக்குப் பக்கத்தில் நின்ற இரட்டைக் கோபுரங்களின் உயரம் 126 அடி.

முதல் ஆட்டம் 1923 ஏப்ரல் 28, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டி: போல்டன் வாண்டரர்ஸுக்கும் வெஸ்ட் ஹாமுக்கும். மைதானம் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. 1,27,000 பேர் கொள்ளும் இடம் என்பதால் நிரம்பாது என்று நினைத்து, பெரும்பாலான இடங்களுக்கு முன்கூட்டி டிக்கெட் விற்கவில்லை. வாசலில் காசு கொடுத்து உள்ளே போகலாம். காலை 11.30க்குக் கதவு திறந்தது, 1.45க்கு மூடச் சொன்னார்கள். மூடிய பிறகுதான் உண்மையான சிக்கல். வெளியே நின்றவர்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள், தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கணக்கில் உள்ளவர்கள் 1,26,047. உண்மையில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. கூட்டம் புல்வெளியை முழுக்க மூடிவிட்டது. ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலர் பில்லி என்ற வெளிர் நிறக் குதிரையில் ஏறி மெல்ல மெல்ல விளிம்புக்குத் தள்ளியதுதான் அந்த நாளின் படமாக நின்றுவிட்டது. மற்ற குதிரைக் காவலர்களும் இருந்தார்கள், கறுப்பு வெள்ளைப் படத்தில் பில்லிதான் எடுப்பாகத் தெரிந்தது.

ஆட்டம் 45 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. இரண்டாவது நிமிடத்திலேயே டேவிட் ஜாக் கோல் அடித்தார், அந்த மைதானத்தின் முதல் கோல். போல்டன் 2–0. கூட்டம் கோட்டை ஒட்டி நின்றதால் கார்னர் அடிப்பவருக்கு ஓடி வர இடமில்லை. இடைவேளையில் ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போகவே முடியவில்லை, திடலிலேயே நின்றுவிட்டு மறுபாதியைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேருக்குச் சிறிதும் பெரிதுமாகக் காயம். அடுத்த ஆண்டிலிருந்து இறுதிப் போட்டிக்கு முன்பதிவு டிக்கெட் மட்டும்தான் என்று ஆனது.

கண்காட்சி முடிந்ததும் கடன் மிஞ்சியது. ஆண்டுக்குச் சில கால்பந்து ஆட்டங்களை வைத்து அவ்வளவு பெரிய கட்டடத்தைக் காப்பாற்ற முடியாது. அப்போது வந்தவர் ஆர்தர் எல்வின். கண்காட்சியில் புகையிலைக் கடையில் வேலை பார்த்தவர். முடிந்த பிறகு அரங்குகளை விலைக்கு வாங்கி, இடித்து, பொருளை விற்று முன்னுக்கு வந்தவர். 1927ல் மைதானத்தை 1,27,000 பவுண்டுக்குப் பேசி, 12,000 பவுண்டு முன்பணம் கொடுத்து, மீதியைப் பத்து ஆண்டுத் தவணையில் கட்டுவதாக ஒப்பந்தம் போட்டார். அந்த டிசம்பரிலேயே திடலைச் சுற்றி நாய்ப் பந்தயம் தொடங்கியது. 1929ல் மோட்டார் சைக்கிள் பந்தயமும் வந்தது. வெம்பிளியை இடிக்காமல் காப்பாற்றியது இந்த இரண்டும்தான், கால்பந்து அல்ல. கால்பந்தை நேசிக்கிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்துப் பிரிவின் ஆட்டங்கள் எல்லாம் வெம்பிளியில், உருகுவே – பிரான்ஸ் ஆட்டம் மட்டும் வேறு இடத்தில், வொயிட் சிட்டி மைதானத்தில். காரணம், அன்று வெள்ளிக்கிழமை, வெம்பிளியில் வழக்கமான நாய்ப் பந்தயம், உரிமையாளர்கள் அதை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. "தேசிய மைதானம்" என்று உலகமே சொன்ன இடத்தில் கால்பந்துச் சங்கம் வெறும் வாடகைதாரர். 1999 வரை அந்த மைதானம் தனியார் நிறுவனத்தின் சொத்து. 1951 வரை அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் இங்கிலாந்து அணி அங்கே ஸ்காட்லாந்துடன் மட்டும்தான் ஆடியது. மற்ற நாடுகளுடன் சொந்த மண் ஆட்டங்கள் எல்லாம் கிளப் மைதானங்களில்.

நமக்கு நெருக்கமான பக்கம் 1948 ஒலிம்பிக். ஓட்டப் பந்தயத்துக்கான கரித்தூள் பாதையைக் குறுகிய காலத்தில் நாய்ப் பந்தயப் பாதை மேல் போட்டார்கள். ஆகஸ்ட் 12 அன்று அந்தப் புல்லில்தான் இந்திய ஹாக்கி அணி பிரிட்டனை 4–0 என்று வென்றது. விடுதலைக்குப் பிறகு நமக்கு வந்த முதல் ஒலிம்பிக் தங்கம். மறுநாள் அதே புல்லில் கால்பந்து இறுதிப் போட்டி, ஸ்வீடன் யூகோஸ்லாவியாவை 3–1 என்று வென்றது. அதற்கு மறுநாள் அதே புல்லில் குதிரைகள் தடை தாண்டின. மூன்று நாள், மூன்று விளையாட்டு, ஒரே புல். இந்தியக் கால்பந்து அணி வெம்பிளியில் ஆடவில்லை. இல்ஃபோர்டில் உள்ள சிறிய கிரிக்கிள்ஃபீல்டு மைதானத்தில் பிரான்ஸிடம் 1–2 என்று தோற்றது. பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டி வீணானது. நம் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன்.

1953 நவம்பரில் ஹங்கேரி அங்கே வந்து இங்கிலாந்தை 6–3 என்று அடித்தது. 1963ல் ஐந்து லட்சம் பவுண்டு செலவில் சுற்றிலும் கூரை போட்டார்கள், கொள்ளளவு ஒரு லட்சம் ஆனது. 1966 ஜூலை 30ல் உலகக் கோப்பை. 1968ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஐரோப்பியக் கோப்பை. இவற்றை நீங்கள் அறிவீர்கள், விரிக்கவில்லை. 1970 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. குதிரைப் போட்டிகளையும் அந்தத் திடலிலேயே நடத்திவந்த காலம் அது. திடல் சேறாகக் கிடந்தது. தடுக்க வேண்டிய பந்து எகிறாமல் தரையோடு நழுவிப் போனது. செல்சியும் லீட்ஸும் 2–2. வெம்பிளியில் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி சமனில் முடிந்து மறு ஆட்டத்துக்குப் போனது அதுதான் முதல் முறை. மறு ஆட்டத்தை ஓல்டு டிராஃபோர்டுக்குக் கொண்டுபோனார்கள்.

முடிவு தொடங்கியது 1989ல், ஹில்ஸ்பரோ என்ற இங்கிலாந்து மைதானத்தில் பலர் நசுங்கி இறந்த நெரிசலுக்குப் பிறகு. அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கை பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் இடங்களை ஒழித்து எல்லாம் இருக்கையாக வேண்டும் என்றது. வெம்பிளியில் நிற்பதற்கென்று சாய்வு குறைத்துக் கட்டிய படிகளில் நாற்காலி போட்டார்கள். கொள்ளளவு சுமார் 80,000க்கு இறங்கியது. நிற்பவர் எட்டிப் பார்ப்பார், கழுத்தைத் திருப்புவார். உட்கார்ந்தவருக்கு அது முடியாது. கீழ் வரிசைகளில் முன்னால் இருப்பவர் தலையும் நாய்ப் பந்தயத் தடுப்பும், மேலே கூரைத் தூண்கள். பந்தயப் பாதை இருந்த இடம் முழுக்க பார்வையாளருக்கும் திடலுக்கும் நடுவே வெறும் தூரமாக நின்றது. 1998 டிசம்பரில் நாய்ப் பந்தயமே முடிந்துபோனது. பாதை போனாலும் தூரம் போகவில்லை, கான்கிரீட் அதே இடத்தில்தானே இருக்கிறது.

கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி 2000 மே மாதம், செல்சி 1–0 ஆஸ்டன் வில்லா. கடைசி ஆட்டம் 2000 அக்டோபர் 7, ஜெர்மனி 1–0 இங்கிலாந்து, கோல் அடித்தவர் ஹாமன். அன்றே இங்கிலாந்துப் பயிற்சியாளர் கெவின் கீகன் பதவி விலகினார். இரண்டு ஆண்டு சும்மா கிடந்து, 2002 கடைசியில் இடிக்கத் தொடங்கி, 2003 பிப்ரவரியில் இரட்டைக் கோபுரங்களும் விழுந்தன. கோபுரங்களை மட்டும் வைத்திருக்கக் கூடாதா என்று பலர் கேட்டார்கள். புதிய கேலரி எழ வேண்டிய இடத்தில் அவை நின்றன. வார்த்த கான்கிரீட், கல் கல்லாகப் பிரித்து வேறிடத்தில் அடுக்க முடியாது. இடிபாட்டின் ஒரு பகுதி மேற்கு லண்டனில் நார்த்தாலா ஃபீல்ட்ஸ் என்ற பூங்காவின் செயற்கைக் குன்றுகளுக்குள் போயிற்று. 2007ல் திறந்த புதிய மைதானத்தில் ஓடுதளமே இல்லை. 90,000 இருக்கை, கண்ணை மறைக்கும் தூண் ஒன்றுகூட இல்லை.

ஆனால் அங்கேயும் புல் அடி வாங்கியது. உயரமான கேலரியும் பெரிய கூரையும் வெயிலையும் காற்றையும் தடுத்தன. அதோடு இசை நிகழ்ச்சிகள். முதல் மூன்று ஆண்டிலேயே பத்து முறை அளவுக்குப் புல்லை மாற்ற வேண்டி வந்தது. 2010ல் புல்லோடு மூன்று விழுக்காடு செயற்கை இழையை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தைத்த பிறகுதான் திடல் நிலைப்பட்டது.

இனி உங்கள் வரைபடம்.

தரமான 400 மீட்டர் ஓடுதளத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒரு லேன் 1.22 மீட்டர். எட்டு லேன் என்றால் மொத்த வெளி அளவு சுமார் 177 மீட்டர் நீளம், 92.5 மீட்டர் அகலம். அதுவே நான்கு ஏக்கர். கால்பந்துத் திடல் மட்டும், சுற்றிலும் 4 மீட்டர் விட்டுப் போட்டால், 113க்கு 76 மீட்டர், இரண்டு ஏக்கர் சொச்சம். உங்கள் இடத்தில் ஓடுதளம் போட்டால் கேலரிக்கும் வாசலுக்கும் வண்டி நிறுத்தவும் மிஞ்சுவது விளிம்புகள்தான்.

உள்ளே முழு அளவுத் திடல், அதாவது 105க்கு 68, உட்காருமா? பேப்பரில் உட்காரும். கார்னர் கொடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வளைவின் மையம் திடலின் நடுவிலிருந்து 42.2 மீட்டரில். கார்னர் அங்கிருந்து நீளவாக்கில் 10.3, அகலவாக்கில் 34 மீட்டர். இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் எடுத்தால் 35.53. ஓடுதள விளிம்பு 36.50ல். கார்னர் கொடிக்கும் விளிம்புக் கட்டைக்கும் நடுவே 97 சென்டிமீட்டர்தான். நம் ஊரில் அந்தக் கட்டையைச் சிமென்ட்டில் கட்டிவிடுகிறார்கள். வேகமாக ஓடிவரும் பையன் கால் மடங்குவதும் முழங்கால் அடிபடுவதும் அங்கேதான். 100க்கு 64 ஆகக் குறைத்தால் இடைவெளி மூன்றரை மீட்டருக்கு மேல் போகும். சர்வதேச ஆட்டத்துக்கே அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு அது, பள்ளிக்குத் தாராளம். கட்டை அவசியம் என்றால் கழற்றி வைக்கக்கூடிய 5 சென்டிமீட்டர் அலுமினிய விளிம்பு வாங்குங்கள். கால்பந்து நாளில் நான்கு மூலையிலும் எடுத்துவிடலாம்.

அடுத்தது பார்வை. பக்கக் கோட்டிலிருந்து ஓடுதளத்தைத் தாண்டி வேலிக்கு அப்பால் முதல் வரிசை வரை சுமார் 14 மீட்டர். கோலுக்குப் பின்னால் அதே கணக்கு 37 மீட்டரைத் தாண்டும். கோலுக்குப் பின்னால் கேலரி கட்டுவது காசைக் கரைப்பது, அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். ஒரே பக்கம், மேற்கில் கட்டுங்கள். மாலை ஆட்டத்தில் வெயில் பார்ப்பவரின் முதுகில் விழும். திடலைத் தெற்கு வடக்காகப் போடுங்கள், கோல் கீப்பர் கண்ணில் சூரியன் அடிக்காது. பழைய வெம்பிளி கிழக்கு மேற்காகக் கிடந்தது, அதை இந்த விஷயத்தில் பின்பற்ற வேண்டாம்.

படியின் உயரத்தில்தான் கான்ட்ராக்டர்கள் கை வைப்பார்கள். பின்னால் இருப்பவரின் பார்வை முன்னால் இருப்பவரின் கண்ணுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் கடக்கிறது என்பதே அளவுகோல். 90 மில்லிமீட்டர் நல்லது, 60க்குக் கீழே போகக் கூடாது. முதல் வரிசை 14 மீட்டரில், கண் தரையிலிருந்து 1.2 மீட்டரில், படியின் அகலம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படி 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் கிடைப்பது 30 மில்லிமீட்டர், ஒன்றும் தெரியாது. 15 சென்டிமீட்டர் என்றால் 77. சரிதானே என்று விட்டுவிடாதீர்கள். அதே 15 சென்டிமீட்டரில் பத்தாவது வரிசைக்குப் போனால் 52 ஆகிவிடும், இருபதாவது வரிசையில் 38. மேலே போகப் போகப் படி உயர்ந்துகொண்டே போக வேண்டும் என்பது இதனால்தான். பத்து வரிசைக்குள் கட்டுகிறீர்கள் என்றால் எல்லாப் படியையும் 35 முதல் 40 சென்டிமீட்டராகவே வார்த்துவிடுங்கள். அதிலேயே உட்காரலாம், நாற்காலிச் செலவு மிச்சம். ஏறி இறங்கும் வழிகளில் மட்டும் அதைப் பாதியாகப் பிரித்துச் சிறு படி வையுங்கள், பெரியவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

வாசல். 1923ல் கெட்டது வாசலில்தான். சுழல் கதவு ஒன்றில் மணிக்கு அதிகபட்சம் 660 பேர் போகலாம் என்பது பிரிட்டிஷ் பாதுகாப்பு வழிகாட்டுதல். 5,000 பேர் ஒரு மணி நேரத்தில் வருவார்கள் என்றால் எட்டு வழி வேண்டும். வெளியேறும்போது சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர், படியில் 66 பேர். எட்டு நிமிடத்தில் காலியாக வேண்டும். 1.2 மீட்டர் கதவு ஒன்று எட்டு நிமிடத்தில் சமதளத்தில் 780 பேரை விடும். 5,000க்கு அப்படி ஏழு கதவு. அவை வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஆட்டம் முடியும்வரை ஒன்றில்கூடப் பூட்டுப் போடக் கூடாது, ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் நிற்க வேண்டும். திடலுக்குள் கூட்டம் இறங்காமல் இருக்க வேலி போடுவீர்கள். அதிலும் திடலை நோக்கித் திறக்கும் கதவுகள் கட்டாயம் வேண்டும். ஹில்ஸ்பரோவில் மக்கள் நசுங்கியது வேலியின் கேலரிப் பக்கம்.

புல்லுக்கு வருவோம். சேலம் வெயிலுக்கு அருகம்புல் இனம்தான் சரி. முழு வெயில் வேண்டும், நிழல் அதற்கு ஆகாது. திடலை ஒட்டி வேம்பும் புங்கமும் வைப்பதானால் மேற்கில் கேலரிக்குப் பின்னால் வையுங்கள், கிழக்கில் வேண்டாம். 100க்கு 64 திடலின் பரப்பு 6,400 சதுர மீட்டர். ஏப்ரல், மே மாதங்களில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 32,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி மூன்று நடை. போர்வெல் அந்த அளவு கொடுக்காது என்றால் இப்போதே மழைநீர்த் தொட்டியைத் திட்டத்தில் சேருங்கள்.

மழைக்காலத்தில் பிரச்சினை தலைகீழ். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் அந்தத் திடலில் மட்டும் 3,20,000 லிட்டர் விழும். நடுவில் உயர்த்தி இரு பக்கமும் நூற்றுக்கு ஒன்று சாய்வு கொடுங்கள். 32 மீட்டருக்கு 32 சென்டிமீட்டர் வரும். அந்தத் தண்ணீர் ஓடி வந்து ஓடுதள விளிம்பில் முட்டி நிற்கும். விளிம்புக்கு உள்பக்கம் சுற்றிலும் மூடிய வடிகால் இல்லாத மைதானங்களில் எல்லாம் பக்கக் கோட்டோரம் புல் அழுகி, ஓடுதளத்தின் முதல் லேனும் ஊறி உப்பிவிடுகிறது. செலவைக் குறைக்க முதலில் வெட்டுவது இந்த வடிகாலைத்தான். அதை விடாதீர்கள்.

முழு மணல் திடல், அதாவது 10 சென்டிமீட்டர் சிறு ஜல்லி மேல் 30 சென்டிமீட்டர் மணல், உங்களுக்கு வேண்டாம். மணல் மட்டும் 680 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) ஆகும். செம்மண்ணை உழுது, மட்டம் பார்த்து, மக்கிய தொழு உரம் கலந்து, மேலே 5 சென்டிமீட்டர் மணல் போட்டால் 113 யூனிட்டில் முடியும். நம் செம்மண் காய்ந்தால் இறுகிவிடும். அதனால் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு மணல் தேய்த்து நிரப்ப வேண்டும். துளை போடாமல் ரோலர் மட்டும் ஓட்டுவது பலர் செய்யும் தவறு. பார்க்கச் சமமாக இருக்கும், வேர் மூச்சு விட முடியாது, அடுத்த கோடையில் திட்டுத் திட்டாக வெளுக்கும். வாரத்துக்கு 12 முதல் 15 மணி நேரத்துக்கு மேல் ஆட விட்டால் கோல் முன்பகுதி எப்படியும் மண்ணாகிவிடும். பயிற்சிக்குத் தூக்கி வைக்கும் சிறு கோல் போஸ்ட்டுகளை அகலவாக்கில் வைத்துத் தேய்மானத்தைப் பரப்புங்கள். வட்டு எறிதல், ஈட்டி எறிதல் பயிற்சியைத் திடலில் அனுமதிக்காதீர்கள்.

ஆண்டு விழா, கண்காட்சி பற்றிக் கறாராகவே சொல்கிறேன்: திடலில் வேண்டாம். பந்தல் கால் குழி, லாரிச் சக்கரம், மூன்று நாள் மூடிக் கிடக்கும் தார்ப்பாய் மூன்றும் சேர்ந்தால் ஒரு பருவம் போயிற்று. தவிர்க்கவே முடியாவிட்டால் ஓடுதளத்துக்கு வெளியே மேடை. முடிந்த மறுநாள் கயிற்றில் கட்டிய காந்தக் கட்டையைப் புல் முழுக்க இழுத்து ஆணிகளைப் பொறுக்குங்கள். பந்தல்காரர் பிரித்துப் போகும்போது ஒரு கைப்பிடி ஆணியாவது மண்ணில் தங்கும், வெறுங்காலில் ஆடும் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர்.

இதே பள்ளிக்கு ஏற்காட்டிலும் ஒரு கிளைக்கு யோசனை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மலையில் ஓடுதளத்தை மறந்துவிடுங்கள். பாதி வெட்டி, வெட்டிய மண்ணை மறுபாதியில் நிரப்பித்தான் சமதளம் கிடைக்கும். நிரப்பிய பாதி இரண்டு மழைக்காலம் வரை அமுங்கும், திடலின் நடுவே நீளமாக ஒரு விரிசல் தெரியும். 25 சென்டிமீட்டர் அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து ரோலர் ஓட்டி, ஒரு வடகிழக்குப் பருவமாவது சும்மா விட்டு, பிறகு மட்டம் பாருங்கள். 90க்கு 55 திடல் கிடைத்தாலே போதும்.

என் முடிவு: கன்னங்குறிச்சி இடத்தில் 400 மீட்டர் ஓடுதளத்தைக் கைவிடுங்கள். முழு அளவுத் திடல் ஒன்று, அதற்கு இணையாக ஆறு லேன் நேர் ஓடுதளம், 7.3 மீட்டர் அகலம், ஓடி நிற்க இடம் சேர்த்து 125 மீட்டர் நீளம், அதன் கோடியில் நீளம் தாண்டும் குழி. முதல் வரிசை ஐந்தாறு மீட்டரில் வந்துவிடும், இரண்டு ஏக்கர் மிஞ்சும். நீண்ட ஓட்டம் ஓடும் பிள்ளைகளைச் சேலம் காந்தி ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போகலாம். நிர்வாகம் ஓடுதளம் வேண்டும் என்றே நின்றால், 100க்கு 64 திடல், மேற்கில் மட்டும் கேலரி, விளிம்பு வடிகால், கழற்றும் விளிம்பு என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு சம்மதியுங்கள்.

மணல் வந்து இறங்கும்போது நீங்களே நில்லுங்கள். எம்.சாண்டில் பவுடர் அதிகம் இருந்தால் நனைந்து காய்ந்ததும் சிமென்ட் போல இறுகும். கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வையுங்கள். மணலின் மேல் படியும் வண்டல் அடுக்கு மணலின் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.